நூம்பல் நிலத்தில் ஒரு பங்கு

"எனக்கும் பங்கு வேணும் நைனா. கையெழுத்துப் போட மாட்டேன்."

பெண்பிள்ளை வாயில் இந்தப் பேச்சு வரவே கூடாது என்று அம்மா பொன்னியம்மா வனஜாவிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். வந்துவிட்டது. அப்பா கஜபதியின் கையில், அவள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம். பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போக வாசலில் ஆட்டோ நின்றிருந்தது.

சவூதியில், தமாமில் வெல்டராக இருக்கும் அண்ணன் உத்தமன் லீவில் வந்திருந்தான். நூம்பலில் தாத்தா விட்டுப்போன நாலு கிரவுண்டையும் தன் பேருக்கு மாற்றி மாடி வீடு கட்டப்போகிறான். பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அவன் அங்கிருந்தே ஜப்பான் சேலையாகக் கொண்டுவந்திருந்தான்.

வனஜாவுக்கு வயிறு எரிந்தது. பத்தாவதில் மூன்று தடவை பெயிலானவனுக்குத் தினம் ஒரு கறி, மீன். அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள், பி.ஏ. பொருளாதாரம். ரிசல்ட் வந்த அன்று கஜபதி சொன்னது, "இனிமே இவளுக்கு எங்க போய் மாப்ள தேடறது?"

"இன்னாடி புதுசா பேசிக்கினு கீறே?" என்றான் உத்தமன். "மாசாமாசம் டிராப்ட் அனுப்பறது யாரு? நீ துன்ற சோறே என் துட்டு."

"அந்தத் துட்டு இன்னா பண்ணிச்சு தெரியுமா அண்ணாத்தே? நான் காலேஜ் சேந்தப்ப இங்க கிரவுண்டு எட்டாயிரம். உன்னாட்டம் நாலு பேரு அங்கேர்ந்து அனுப்பி, போட்டி போட்டு வாங்கி, இப்போ நாப்பதாயிரம். அம்பத்தூர் கம்பெனில எனக்கு அறுநூறு ரூபா சம்பளம். கெழவியானாலும் என்னால வாங்க முடியாது. தாத்தா நெலத்த வுட்டா எனக்கு வேற ஏது?"

"பொறாம புடிச்சவ!"

"ஆமா, பொறாமதான். அதுக்காகப் பங்கு இல்லன்னு ஆயிடுமா? பொண்ணுக்கும் சமமா உண்டுன்னு போன வருஷமே சட்டம் போட்டாச்சு."

சேலையை நீட்டியிருந்த அவன் கையெல்லாம் தீப்பொறி சுட்ட தழும்பு. பார்த்துவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

"நாளைக்கு உனக்குச் சீர் செய்ய யாருடி வருவான்?" என்று கஜபதி கேட்டார்.

"யாரும் வர வேணாம் நைனா. என் கையெழுத்து இல்லாம பதியக் கூடாதுன்னு நேத்தே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு, ஆட்டோவைத் தாண்டி, வேலைக்குப் போக அம்பத்தூர் பஸ் பிடிக்க நடந்தாள்.