சுல்தான் பீவி கட்டிய ஆறாயிரம்

விஜயகுமாரிக்குக் கிடைத்த வேலையின் பெயரை அவள் தெருவில் யாராலும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. புகையிலைப் பொருள் விற்பனை உரிம ஆய்வாளர். அவள் கணவன் கார்த்தி அதைச் "சிகரெட் ஆபீசர்" என்று சுருக்கி, கூடுவாஞ்சேரி முழுக்கப் பரப்பிவிட்டான். போகிற இடத்தில் எல்லாம், "இன்னா மேடம், நீங்களே பத்தவைப்பீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் சிரித்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாள். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய்ச்சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நின்று பதில் சொல்ல ஏது நேரம்?

கோவளத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பேரூராட்சி புதிதாக ஒரு தீர்மானம் போட்டிருந்தது. பீடி, சிகரெட் விற்கிற கடைகள் எல்லாம் உரிமம் எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய். அந்தப் பணத்தை வைத்துத்தான் அந்தக் கடைகளைக் கண்காணிக்க வேண்டும். பொது நிதியில் ஒரு பைசா கிடையாது. அதாவது விஜயகுமாரி எந்தக் கடைகளைக் கண்காணிக்கிறாளோ, அந்தக் கடைகள்தான் அவளுக்குச் சம்பளம் தரவேண்டும்.

ஊரில் மொத்தம் முப்பத்தெட்டுக் கடைகள். முதல் மாதம் உரிமம் எடுத்தவர்கள் நாலே பேர். ஒருவர் அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் சிகரெட் பெட்டிகளை அரிசி மூட்டைக்குள் திணித்தார். இன்னொருவர், "விக்கறதுக்கு இல்ல மேடம், நான் குடிக்க வெச்சுகினு கீறேன்" என்றார். அவர் குடிக்க வைத்திருந்தது நாற்பது பாக்கெட். அந்த மாதம் விஜயகுமாரிக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. செயல் அலுவலர் தீனதயாளன் யாரையும் நோகடிக்காத மனிதர். "நிதி வந்ததும் மீதிய போட்டுடலாம்மா" என்று அதையும் நோகாமல்தான் சொன்னார்.

இரண்டாவது மாதத்தின் முதல் வாரத்தில் அவள் பீவி ஸ்டோர்ஸுக்குப் போனாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பத்தடிக்குப் பத்தடி கடை. சுல்தான் பீவிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். சரக்கு எடுத்துவருவது அவள் கணவர் சுலைமானின் வேலை. விற்பதும் அதட்டுவதும் பீவியின் வேலை. விஜயகுமாரி நீட்டிய விண்ணப்பத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்குள் இரண்டு பஸ் வந்து போய்விட்டது.

"இந்த டப்பு எங்க போவுது?" என்று கேட்டாள் பீவி.

மற்ற கடைக்காரர்கள் யாரும் கேட்காத கேள்வி. மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வெயிலில் மழுப்புவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

"என் சம்பளத்துக்குதாம்மா. அப்புறம் வண்டிக்குப் பெட்ரோல். ஸ்கூல் பக்கத்துல போர்டு வைக்க."

"அப்போ என் காசுலதான் நீ வேலை செய்யப்போற."

"அப்படித்தான்மா."

"இன்னா வேலை?"

"பதினெட்டு வயசு ஆகாதவங்களுக்கு விக்கறாங்களான்னு பாக்கணும். ஸ்கூல்ல இருந்து நூறு கெஜத்துக்குள்ள விக்கக்கூடாது. லைசென்ஸ் இல்லாம விக்கறவங்களப் புடிக்கணும்."

"அத்தினியும் நீ ஒருத்தியே பாப்பியா?"

"நான் ஒருத்திதான் இருக்கேன்."

பீவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு விண்ணப்பத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள். உரிமம் எடுத்த கடையில் குழந்தைகள் வாங்கும் மிட்டாய், சிப்ஸ் போன்றவற்றை விற்கக்கூடாது என்று இருந்தது. அவள் தலைக்கு மேலே சிப்ஸ் சரம் சரமாகத் தொங்கியது. முன்னால் தேன் மிட்டாய், கடலை மிட்டாய், சூடமிட்டாய் என்று ஏழு ஜாடிகள்.

"ரெண்டுல ஒண்ணுதானா?"

"ஆமாம்மா."

பீவி ஜாடி மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள். பிறகு பக்கத்துக் காய்கறிக் கடை சகுந்தலாவைக் கூப்பிட்டு, சிப்ஸ் சரங்களையும் ஏழு ஜாடிகளையும் தூக்கி அவளிடம் கொடுத்தாள். சகுந்தலா வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனாள். சுலைமான் செல்போனில் ஆறாயிரத்தை அனுப்பினார். உரிமம் வந்ததும் பீவி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டிவைத்தாள்.

பணம் கட்டிய மூன்றாம் நாள் முதல் போன் வந்தது.

"நான் பீவி பேசறேன். ஸ்கூல் சுவத்தாண்ட கிருபாகரன் பங்க் கடை போட்டுகினு கீறானே, பாத்தியா? முன்னால எளநி, பின்னால சிகரெட்டு. யூனிபாரம் போட்ட பசங்க வாங்கினு போவுதுங்க. லைசென்ஸும் கெடயாது."

"பாக்கறேன்மா."

அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போன். அதற்கு அடுத்த நாளும். விஜயகுமாரிக்கு அந்தப் பங்க் கடையைப் பற்றித் தெரியாமல் இல்லை. கிருபாகரனின் மாமா அந்த வார்டு கவுன்சிலர் என்பதும் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள். ஐந்தாவது போனுக்குப் பிறகு போயே ஆகவேண்டியதாயிற்று.

கிருபாகரன் கெட்டவன் இல்லை. அவள் வண்டியை நிறுத்துவதற்குள் இளநீரைச் சீவியே வைத்துவிட்டான்.

"இன்னா மேடம், இந்த வெயில்ல சுத்திகினு கீறீங்க? மொதல்ல இத்த குடிங்க."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு எண்ணை அழுத்தி, போனை அவளிடம் நீட்டினான். மறுமுனையில் ஒரு கனத்த குரல், "ஊருக்குப் புதுசாம்மா நீ?" என்று மட்டும் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விஜயகுமாரி போனைத் திருப்பிக் கொடுத்தாள். இளநீருக்குக் காசு வேண்டாம் என்றவன் கையில் ஐம்பது ரூபாயை வைத்துவிட்டுத் திரும்பினாள். தீனதயாளனிடம் போய்ச் சொன்னபோது அவர், "கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார்.

அன்று சாயந்திரம் பீவி போன் செய்தாள்.

"எளநி நல்லா இருந்துச்சா?"

விஜயகுமாரிக்கு முகம் சூடாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தாள். கார்த்தி என்ன ஆயிற்று என்று கேட்டான். "ஒண்ணுமில்ல, முதலாளியம்மா திட்டினாங்க" என்றாள்.

அதற்குள் உரிமம் எடுத்தவர்கள் பதினோரு பேராகியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குள் புகைச்சல் கிளம்பிவிட்டது. பணம் கட்டினவன் விதியைப் பார்த்துப் பார்த்து விற்கிறான், கட்டாதவன் பள்ளிக்கூட வாசலில் அள்ளுகிறான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மாதாந்திரக் குறைதீர் கூட்டத்துக்கு அந்தப் பதினோரு பேரும் வந்து நின்றார்கள். முன்னால் சுல்தான் பீவி, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"உக்காருங்கம்மா" என்றார் தீனதயாளன்.

"உக்காந்தா சொல்ல வந்தது மறந்துடும் சார். நாங்க யாரும் காச கொறைக்கச் சொல்லி வரல. இந்தப் பொண்ணுக்கு நாங்கதான் சம்பளம் குடுக்கறோம். நீங்க அத வேலை செய்ய வுடமாட்டேங்கிறீங்க. ஒண்ணு அத வேலை செய்ய வுடுங்க. இல்லாங்காட்டி எங்க அறுபத்தாறாயிரத்தத் திருப்பிக் குட்துடுங்க."

தீனதயாளன் கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் ஜன்னலைப் பார்த்தார். அறுபத்தாறாயிரத்தில் பாதி ஏற்கெனவே அறிவிப்புப் பலகைகளாகித் தெருமுனைகளில் நின்றுகொண்டிருந்தது. தீனதயாளன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு விஜயகுமாரியின் பக்கம் திரும்பி, இத்தனை நாள் தாமதித்தது அவள்தான் என்பதுபோல, "ஏம்மா, இன்னும் அளக்கலையா? நாளைக்கே போய் அளந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விஜயகுமாரி முப்பது மீட்டர் டேப்போடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனாள். கூட வந்த அலுவலக ஊழியர் சுப்பிரமணி படம் எடுக்கப் போனைக் கையில் வைத்திருந்ததால், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. எதிர்சாரியில் வேடிக்கை பார்க்க வந்திருந்த பீவி சாலையைக் கடந்து வந்து அந்த முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேர்ந்து அளப்பீங்க? சுவர்லேர்ந்தா, கேட்லேர்ந்தா?" என்று கேட்டான் கிருபாகரன்.

"சுவத்துலேர்ந்து அளந்தா உன் கடை ஸ்கூலுக்குள்ளயே வந்துடும். கேட்லேர்ந்தே அளக்கறேன், உனக்கு லாபந்தான்" என்றாள் விஜயகுமாரி. சொன்ன பிறகுதான் அப்படிப் பேசியது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாற்பத்திரண்டு மீட்டர். நூறு கெஜம், அதாவது தொண்ணூற்றொரு மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டிய கடை. கவுன்சிலர் பைக்கில் வந்து இறங்கினார். டேப்பைப் பார்த்தார். பீவிக்குப் பின்னால் நின்ற பத்துக் கடைக்காரர்களையும் பார்த்தார். அத்தனை பேரும் அவர் வார்டு ஓட்டு. சட்டென்று மருமகன் பக்கம் திரும்பி, "எத்தினி வாட்டிடா சொன்னேன், எளநி மட்டும் வித்தா போதும்னு?" என்று சத்தம் போட்டார். கிருபாகரன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். விஜயகுமாரியும் சுப்பிரமணியும் இரண்டு பை நிறையச் சிகரெட்டை எடுத்துக்கொண்டு, அபராத ரசீதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில் உரிமம் எடுத்த கடைகள் முப்பத்தாறு ஆகின. அரிசி மூட்டைக்காரர்கூட வந்து வரிசையில் நின்றார். விஜயகுமாரிக்கு ஒன்றாம் தேதி முழுச் சம்பளம் வந்தது, பழைய பாக்கியும் சேர்ந்து. போகிற வழியில் யாராவது "சிகரெட் ஆபீசர்" என்றால் அவளே நின்று சலாம் வைத்துவிட்டுப் போனாள்.

வருஷம் முடிந்தது. புதுப்பிக்கும் படிவங்களை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் பீவியிடம்தான் போனாள்.

"நான் கட்டல" என்றாள் பீவி.

"ஏன்மா? யாராவது தொந்தரவு பண்றாங்களா?"

"அதெல்லாம் இல்ல. சிகரெட்ட வுட்டுட்டு மறுபடி மிட்டாய் வெக்கலாம்னு கீறேன். வியாபாரம் நல்லாத்தான் போவுது. ஆனா ஒரு வருஷமா ஆம்பளைங்க மூஞ்சியத்தான் பாத்துகினு கீறேன். வர்றானுங்க, பத்தவைக்கறானுங்க, புகைய வுட்டுகினு போனப் பாக்கறானுங்க, போய்க்கினே இருக்கானுங்க. ஒருத்தன் ஒரு வார்த்த பேசறது இல்ல. முன்ன மூணரை மணி ஆனா பசங்க வந்து கடைய ரெண்டு பண்ணிடுங்க. அதுங்களக் கூட்டினு வர்ற பொம்பளைங்க ஒரு பாட்டம் கதை பேசிட்டுத்தான் போவும். இப்போ அந்தக் கூட்டமெல்லாம் சகுந்தலா கடையில. நான் இங்க ஒக்காந்து எட்டிப் பாத்துகினு கீறேன். எனக்குப் பேஜாரா கீது."

ஒரு கடை சிகரெட்டை விட்டுவிட்டது. அவள் வேலை எதற்காகவோ அதுவேதான் நடந்திருக்கிறது. விஜயகுமாரி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் "இன்னும் ஒரு வருஷம் பாருங்களேன்மா" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஏழு கடைகள் இதே யோசனையில் இருப்பதாகக் கேள்வி. எட்டுக் கடை போனால் அவள் சம்பளத்தில் பெரிய பொத்தல் விழும். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பீவி கவனித்துவிட்டாள். "உனக்குச் சம்பளம் கொறையுமேன்னு நெனக்கறியா?"

"ஆமாம்மா" என்றாள் விஜயகுமாரி. அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பீவி வயிறு குலுங்கச் சிரித்தாள். விஜயகுமாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு பீவி சொன்னாள்: "இந்த ஊரோட ரோடு முடிஞ்சா போச்சு? வடக்கால எங்க பொறந்த ஊருலயும் இதே தீர்மானம் போட்டு கீறாங்க, ஆனா எந்தக் கடைக்காரனும் லைசென்ஸ் எடுக்கல. எங்க அண்ணன் பையன் ஷபீரே எடுக்கல. அங்க கேக்கறதுக்கு ஆளே கெடயாது. ரெண்டு ஊருக்கும் சேர்த்து நீயே பாரேன். உங்க சார்கிட்ட எழுதிக் குடு."

விஜயகுமாரி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். தீனதயாளனுக்கு அதில் யாரையும் நோகடிக்கிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார். பக்கத்து ஊராட்சிக்கும் சம்பளத்தில் பாதியை ஏற்றுக்கொண்டு ஒரு முழு ஆளைப் பெறுவது பிடித்திருந்தது. கடிதப் போக்குவரத்து எல்லாம் முடிய மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் அவளுக்குக் கை கொஞ்சம் இறுக்கம்தான்.

புது ஊரில் முதல் கடை ஷபீருடையது. அவள் ஸ்கூட்டியை நிறுத்தியதுமே அவன் எழுந்து நின்றான்.

"அத்தை போன் பண்ணாங்க மேடம். பாரம் ரொப்பி வெச்சுட்டேன். போட்டோதான் இல்ல. பத்து நிமிஷம் கடையப் பாத்துக்கிறீங்களா, எடுத்துகினு வந்துடறேன்?" என்றவன் பதிலுக்குக்கூட நிற்காமல் பைக்கில் கிளம்பிவிட்டான்.

விஜயகுமாரி வேறு வழியில்லாமல் கல்லாவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், மீசை அரும்பிய ஒரு பையன் வந்து, ஒரு சிகரெட் பெயரைச் சொல்லி இருபது ரூபாய்த் தாளை நீட்டினான்.

"வயசு என்ன?"

"பத்தொம்போது."

"ஆதார் காட்டு."

பையன் அவளைப் பார்த்தான். வெளியே நின்ற ஸ்கூட்டியில் ஒட்டியிருந்த பேரூராட்சி முத்திரையைப் பார்த்தான். கையில் இருந்த தாளையும் பார்த்தான்.

"ஒரு தண்ணி பாட்டில் குடுங்க" என்றான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். விலை தெரியவில்லை. அவனையே கேட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.