கூரைமேல் நின்ற கோழி

ஜுபைதா பீவியின் கதை ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

திருநெல்வேலியில் எங்கள் நூலகத்தில் சனிக்கிழமை மாலைதோறும் கதை சொல்லும் கூட்டம் நடக்கும். நூலகர் என்பதால் ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. ஜுபைதாவுக்கு மேலப்பாளையத்தில் தையல்கடை. அங்கே பிளவுஸ் வாங்கப் போன நான், அவள் சொன்ன கதையைக் கேட்டு அரைமணி நேரம் நின்றுவிட்டேன். அப்படித்தான் அவளைக் கூட்டத்துக்கு அழைத்தேன்.

முத்தை விழுங்கிவிட்டு ஓடும் கொற்கை வியாபாரியின் கோழிதான் அவள் கதை. முதல் வாரம் கோழி முத்தை விழுங்கியதுமே பேச்சு நின்றது. அடுத்த வாரம் கோழி கூரைமேல் ஏறியது. அங்கேயே நின்றது.

"என்னம்மா, வண்டி பிரேக் டவுனா?" என்றார் தேவதாசன் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினேன்.

மறதி என்றால் ஒரே இடத்தில்தான் இடறும். இது வெவ்வேறு இடம். மைக் காரணமோ என்று அதை எடுத்தும் பார்த்தாயிற்று. கூச்சமா என்று கேட்டேன்.

"கல்யாண வீட்டுல ஊரே உக்காந்திருக்க சொல்லியிருக்கேன்க்கா. இங்கன மட்டும்தான் தொண்டை அடைக்கி. இந்த வாரமும் நின்னுட்டா, இனி எங்கேயும் வாயே திறக்க மாட்டேன்."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். நன்றாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தவளை நானே கூட்டிவந்து ஊமையாக்கிவிட்டேனோ?

வெள்ளிக்கிழமை புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவளுக்கு, சவூதியில் தம்மாமிலிருந்து கணவர் சேக் முகம்மதுவின் போன் வந்தது. வராந்தாவில் நின்று அவருக்கு அதே கோழியின் கதையைச் சொன்னாள். என்ன அருமையாகச் சொன்னாள்! திடீரென்று பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"ஏங்க, இருக்கியளா? ... லைன் போச்சு."

"போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"'உம்' கொட்டுற சத்தம் வரலையேக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்பவர் கொட்டும் 'உம்' சின்னச் சத்தம்தான். ஆனால் 'கேட்டேன், புரிந்தது, மேலே சொல்' என்று மூன்று சேதிகளை அது கொண்டுபோகிறது. சொல்பவர் அதற்காக ஒரு நொடி இடம் விடுகிறார். 'உம்' வராவிட்டால் அந்த நொடி நீள்கிறது. அடுத்த வரி நழுவிப்போகிறது. நானோ வாராவாரம், "கதை முடியும்வரை யாரும் சத்தம் போடக் கூடாது" என்று சொல்லித்தான் கூட்டத்தைத் தொடங்குவேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஜுபைதாவுக்கு எதிரே லைன் அறுந்த போன் போல உட்கார்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை தேவதாசனை முதல் வரிசையில் உட்காரவைத்து, உம் கொட்டச் சொன்னேன்.

"போன வாரம் வாயைப் பொத்துன்னிய, இந்த வாரம் திறங்கிய. விசிலும் ஊதட்டுமா?"

"உம் போதும் அண்ணாச்சி."

கோழி முத்தை விழுங்கியது. "உம்." ஊரே துரத்தியது. "உம்... உம்." கோழி கூரைமேல் ஏறியது. ஜுபைதா நிறுத்தினாள். நான் தேவதாசனைப் பார்த்தேன்.

"உம்! ஏறிட்டுதா? பொறவு?" என்றார் தேவதாசன்.

"பொறவென்ன, அங்கன நின்னு ஊரையே ஒரு பார்வை பார்த்துச்சு..."

பின்வரிசையிலிருந்தும் 'உம்' எழுந்தது. பொழுது சாய்ந்ததும், ஊரே துரத்திய கோழி வியாபாரி வீட்டுக் கூண்டுக்குத் தானாகவே வந்து படுத்துக்கொண்டது. கதை முடிந்தது. கூடம் சிரித்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அடுத்த வாரம் எந்தக் கதை சொல்லட்டும்க்கா?" என்றாள் ஜுபைதா.

இப்போது நான் யாரிடமும் சத்தம் போடக் கூடாது என்று சொல்வதில்லை. கதை தொடங்குமுன், சொல்பவருக்கு நேர் எதிரே உம் கொட்ட ஒருவரை உட்காரவைக்கிறேன். கதை நிற்பதில்லை.