சிவப்பில் கத்தாத திரை

அந்த நாய்க் காப்பகத்தில் கணினி வேலை பார்த்தவனுக்கு எதிலும் அவசரம். மேனேஜரின் மனைவிக்குத் தம்பி. அதற்கு மேல் என்ன தகுதி என்று யாரும் கேட்கவில்லை.

நாயைத் தொலைத்தவர்கள் கொண்டுவரும் படங்கள் வாசல் அறைக் கணினியில் ஏறும். உள்ளே மருத்துவரின் கணினி நெட்வொர்க் வழியாக அந்தக் கணினியின் டிரைவைப் படித்து, எந்த நாயைத் தேடி யார் வந்தார்கள் என்று காட்டும். யாரும் தேடி வராத நாய்க்குக் கெடு முடிந்த காலையில் உயிரை எடுக்கும் ஊசி.

அவனுக்கு முன்பு இருந்தவள் விவரமானவள். கோப்புகளைப் பட்டியலிடும் முன், டிரைவ் எட்டுகிறதா என்று பார்க்கும்படி புரோகிராம் எழுதியிருந்தாள். எட்டாவிட்டால் அது கொஞ்ச நேரம் திணறும், பிறகு சிவப்பில் கத்திவிட்டு நின்றுவிடும்.

"காலங்காத்தால இது மூஞ்சியிலயா முழிக்கணும், மாப்ளே?" என்றார் மேனேஜர்.

"தூக்கிடுறேன் மாமா."

தூக்கிவிட்டான். இப்போது டிரைவ் எட்டாவிட்டால் பட்டியல் காலியாக வரும், அவ்வளவுதான். திரை பளிச்சென்று இருந்தது. மாமா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு மாலை, கூண்டுகளைப் பூட்டியபின், தையல்காரி ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். காது மடிந்த செவலை நாய் அவளுடையது. வீட்டில் அவளுக்கு வேறு துணை இல்லை. வாசல் அறைக்காரர் படத்தை வாங்கி ஏற்றினார்.

"ஏத்திட்டேன்மா, இனிமே யாரும் தொடமாட்டாங்க. காலையில வந்து கூட்டிட்டுப் போங்க."

பிறகு, கரண்ட் மிச்சம் பிடிக்கும் புண்ணியவான், கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் செவலையின் கெடு முடிந்தது. மருத்துவர் திரையைப் பார்த்தார். தேடி வந்தவர்: யாருமில்லை.

"ஒருத்தர் கூடவா வரல?"

"ஸ்கிரீன்ல இல்லன்னா இல்ல சார்," என்றான் மேனேஜரின் மச்சினன்.

வாசல் அறைக்காரர் வரும்வரை பொறுத்திருந்தால் குடியா முழுகிவிடும்? பொறுக்கவில்லை. செவலை ஊசியைப் பார்த்தும் வாலை ஆட்டியது.

தையல்காரி புதிதாகத் தைத்த கழுத்துப்பட்டையோடு வந்தாள்.

"அத யாரும் கேட்டு வரலம்மா," என்றார் மேனேஜர். "சிஸ்டத்துல இல்ல."

"நேத்து இவர்கிட்டதானே படம் குடுத்தேன்!"

அப்போதுதான் கணினியைப் போட்டிருந்த வாசல் அறைக்காரர் தலையைச் சொறிந்தார். மச்சினன் பட்டியலைத் திரும்ப எடுத்தான். செவலையின் படம் திரை நிறைய வந்து நின்றது.

"எப்படி டக்குனு வருது பாருங்க மாமா!"

தையல்காரிக்குப் போன உயிர் வந்தது. "அவனேதான்! அதான் இருக்கானே, ஒரு நிமிஷம் கதிகலங்க வச்சிட்டீங்களே," என்று சிரித்தபடி பட்டையை நீட்டினாள். "இதப் போட்டுக் கூட்டிட்டு வாங்க சார்."