ஒப்பு போட்டேன், ஒப்புக்கல

தீர்ப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே முருகேஸ்வரி தலையாட்டிவிட்டாள். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பியதும், மலையாளப் பள்ளியில் படித்த பக்கத்து வீட்டு நிமியிடம் நகலைக் காட்டினாள்.

"அக்கா, இது தீர்ப்பு இல்ல, ஒத்துதீர்ப்பு. சமாதானமாப் போறேன், புகாரு வேண்டாம்னு எழுதியிருக்கு."

முருகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சமாதானம்? அவள் கொழுந்து எடுக்கும்போது யாரோ ஒரு சுற்றுலாக்காரன் படம் எடுத்திருந்தான். ஜீப் ஓட்டும் ராஜசேகர் அதிலிருந்து அவள் முகத்தை மட்டும் எடுத்து, ஓர் அம்மண உடம்பில் ஒட்டி இணையத்தில் போட்டான். போட்டதோடு நிற்காமல் வாட்ஸ்அப் குரூப்பில் பீற்றிக்கொண்டான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றபோது ஆள் ஆளுக்கு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இந்தப் பயலோடு சமாதானமாகப் போகவா அரைநாள் ஸ்டேஷனில் கால்கடுக்க நின்றாள்?

"சம்மதம் இல்லாம இப்படிப் போட்டா, நாம சொன்ன ஒரு நாளைக்குள்ள அந்த வெப்சைட்டுக் கம்பெனி எடுத்தாகணும்க்கா. சட்டமே இருக்கு" என்று நிமி போனில் புகார்ப் படிவத்தைத் திறந்தாள். படத்தில் இருப்பது நீங்களா என்று கேட்டது. நிமியின் விரல் தயங்கியது.

"ஆமான்னு போடு. மூஞ்சி என்னுது, உடம்பு என்னுது இல்லன்னு கீழ எழுது. வெக்கப்பட வேண்டியவன் அவன், நான் எதுக்குப் பம்மணும்?"

மறுநாள் இருவரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரைட்டர் பழைய தாளை எடுத்துக் கையெழுத்தின் மேல் தட்டினார்.

"இதில் ஒப்பு இட்டது நீ தன்னெயல்லே?"

போட்டது நீதானே என்கிறார். மலையாளத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்று பேர். அது முருகேஸ்வரிக்குத் தெரியும்.

"ஒப்பு போட்டேன் சார். ஒப்புக்கல."

ரைட்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்நேரம் நிமியின் போனில் செய்தி வந்தது. படத்தை நீக்கிவிட்டார்களாம். முருகேஸ்வரிக்கு இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் எட்டிப் பார்த்தது. இனிக் கேஸ் எதற்கு என்று ரைட்டருக்கும் நிம்மதி போலிருக்கிறது.

"படம் போயில்லே? இனி எந்தினா கேஸ்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழில் தானே எழுதிக் கொண்டுவந்த புகாரை மேஜையில் வைத்தாள்.

"படம் போச்சு சார். போட்டவன் இன்னும் ஜீப்பு ஓட்டிக்கிட்டுத் திரியிறான். ரசீது குடுங்க."

ரைட்டர் ரசீது புத்தகத்தைத் தேடினார். ரசீது கைக்கு வரும்வரை அவள் உட்காரவில்லை.