கிணற்றுக்குள் ஒன்றும் தெரியவில்லை

தியேட்டரில் இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் நான் நேராக மேனேஜர் அறைக்குத்தான் போனேன். என் வீட்டுக்காரி ஆவுடைத்தாய் பின்னாலேயே வந்து, "விடுங்க, நமக்கெதுக்கு வம்பு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். நமக்கெதுக்கா? காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? மேனேஜர் புவனேஷ் சின்னப் பையன்தான், மரியாதை தெரிந்தவன். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"ஏ புவனேஷ், புரொஜக்டர் லேம்ப்ப எப்ப மாத்துன?"

"போன மாசந்தான் புதுசு போட்டோம் அண்ணாச்சி."

"நல்ல கதையா இருக்கே. அந்தப் பிள்ள கிணத்துக்குள்ள விழுந்து எம்புட்டு நேரம் ஆச்சு? உள்ள அவ இருக்காளா, கெணறாச்சும் இருக்கான்னு ஒரு எழவும் தெரியல. கரண்ட மிச்சம் பிடிக்கியளோ?"

"எல்லாரும் அழுதுக்கிட்டுல்லா வெளிய வாராங்க அண்ணாச்சி."

"டிக்கெட் காச நெனச்சு அழுதிருப்பான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் பாதியும் அதே கதைதான். கறுப்பு, அதற்குள் கொஞ்சம் பழுப்பு, அதற்குள் ஒரு பெண் மூச்சு வாங்கும் சத்தம். போதாக்குறைக்கு ஆவுடைத்தாய் என் காதோரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். "கைய நீட்டுதா… கல்லுல பாசி, வழுக்குது… ஐயோ, நகம் பேந்துட்டு." படம் பார்க்கும்போது யாராவது பேசினால் எனக்கு ஆகவே ஆகாது. "வாய மூடிக்கிட்டுப் பாருட்டி" என்றேன். கொஞ்ச நேரம் மூடுவாள். பிறகு மறுபடி ஆரம்பிப்பாள். கொஞ்ச காலமாகவே இந்தக் கெட்ட பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மணிமுத்து, தென்காசியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்புக்கு. மற்றபடி நான் சினிமா பார்க்கிறவன். வெள்ளிக்கிழமை எந்தப் படம் வந்தாலும் பார்த்துவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் கருத்தைப் பேசிப் போடுவேன். வாசுதேவநல்லூரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் அதில் ஆள் உண்டு. நான் பேசிய பிறகுதான் டிக்கெட் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிறவர்கள் அதில் பாதிப் பேர். அன்றைக்கும் போட்டேன். "கிணத்துப் படம் பாத்தேன் நண்பர்களே. பாத்தேன்னு சொல்லப்படாது, கேட்டேன். டார்ச் லைட் கொண்டு போங்க." அவ்வளவுதான், 'ஆமா அண்ணாச்சி, இப்பல்லாம் எல்லாப் படமும் இருட்டுதான்' என்று வரிசையாக வந்து விழுந்தது. வீட்டு டிவியில் சீரியல் பார்க்கிறவன்கூட ஆமாம் போட்டான். அந்த ஆமாம்தான் என்னைக் கெடுத்தது.

ஒரு வருஷமாகவே எனக்குச் சினிமா செத்துவிட்டது என்ற எண்ணம். போலீஸ் படம் வந்தது, ஒரே புகை. கப்பல் படம் வந்தது, கடலைக் காட்டுகிறேன் என்று காப்பித் தண்ணியைக் காட்டினான். முகம் இல்லை, கண் இல்லை, நிறம் இல்லை. நடிக்கத் தெரியாதவனெல்லாம் இருட்டில் ஒளிந்துகொள்கிறான் என்று பேசினேன், அதற்கும் பாராட்டு. வீட்டில் டிவியின் வெளிச்சத்தைக் கடைசிவரைக்கும் கூட்டி வைத்திருந்தேன். அப்படியும் திருப்தி இல்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ரொம்ப வருத்தமாக இருந்தது. எனக்கு வேறு பழக்கம் எதுவும் கிடையாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோயில்கூட ஆவுடைத்தாய் இழுத்துக்கொண்டு போனால்தான். இருந்தது இது ஒன்று. அதையும் இந்தப் பயல்கள் இருட்டாக்கிவிட்டார்களே என்று தியேட்டரை விட்டு வரும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

கடையிலும் சில சங்கடங்கள் நடந்தன. பக்கத்தில் கடையம் ஊரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து பூஜை அறைக்குச் சுத்த வெள்ளை கேட்டார். ஷேடு கார்டைப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, "இது வெள்ளையா அண்ணாச்சி? சந்தனக் கலர்லா இருக்கு" என்று நின்றார். "ஒங்க வீட்டு லைட்டு சரியில்ல டீச்சர்" என்று அவரையே குறை சொல்லி அனுப்பினேன். கோடை முழுக்க ரோடு மங்கலாகத் தெரிந்தது, புழுதி என்று நினைத்தேன். ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் நிம்மதியாகிவிட்டது. சாரல் காலத்தில் எங்கள் ஊரில் யாருக்குத்தான் மலை தெளிவாகத் தெரியும்? கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆடி மாசம் ஒரு நாள் காலையில் ஒலி முகம்மதுவோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனேன். ஒலி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அரபு நாட்டில், தம்மாமில் பல வருஷம் கிடந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். வண்டியை அவன்தான் ஓட்டினான். பேரருவிக்கு முன்னால் இறங்கி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.

"என்ன சாரல்லே! மலையே காணோமே" என்றேன்.

ஒலி என்னைத் திரும்பிப் பார்த்தான். வண்டிச் சாவியைப் பையில் போடப் போனவன் அப்படியே நின்றான்.

"எங்கன சாரல் அடிக்கி? வெயில் மண்டையப் பொளக்கி."

நான் உள்ளங்கையை நீட்டினேன். அப்படியே வைத்திருந்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. கையில் சுள்ளென்று வெயில் ஏறியது. அருவியின் இரைச்சல் காதை அடைத்தது, ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், எதிரே பழுப்பாக ஒரு மூட்டம்தான் இருந்தது.

"லே மணி, பாறை தெரியுதா? தண்ணி விழுகது தெரியுதா ஒனக்கு?"

"தெரியாம என்ன" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சினிமாக்காரன் அருவிக்குமா இருட்டுப் போட்டுவிட்டான்? ஒலி வண்டியைத் திருப்பிவிட்டான். குற்றாலம் போய்க் குளிக்காமல் திரும்பியது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா லைட்டு அடித்து அடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திருக்கு. இவ்வளவு நாள் என்ன பண்ணுனீங்க? சுகர் வேற இருக்கு. பின்னால நரம்பு நல்லாருந்தா, புரையை எடுத்துட்டு லென்ஸ் வெச்சதும் பழையபடி தெரியும். சுகர்ல அது கெட்டுப்போயிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. எடுத்த பிறகுதான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். முதலில் வலது கண். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆலங்குளத்தில் பஸ் நின்றது. எதிர்ச் சுவரில் ஒரு சினிமா போஸ்டர். பெரிய முகம் என்பது தெரிந்தது. யார் முகம்? மூக்கை ஜன்னல் கம்பியில் வைத்து அழுத்திப் பார்த்தேன், பிடிபடவில்லை. அறியாத வயசிலிருந்து போஸ்டர் பார்த்து வளர்ந்தவன் நான். இனிமேல் இதுதானா? மிச்ச காலத்துக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூலையில் கிடக்க வேண்டியதுதானா? பயம் என்றால் அப்படி ஒரு பயம். அப்போது ஆவுடைத்தாய் என் காதோரம் குனிந்தாள்.

"புதுப் படம். ரெண்டு பேரு நிக்காங்க. பின்னால ஒரு ரயிலு. சிவப்பு எழுத்து. வார வெள்ளிக்கிழமை வருதாம்."

தியேட்டரில் கேட்ட அதே முணுமுணுப்பு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏட்டி… ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"ஒரு வருசமா ஒங்க காதுல சொல்லிக்கிட்டுதான வாரேன். நீங்கதான் வாய மூடுன்னு சொல்லுவிய."

"என்னய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

"கூப்பிட்டேனே. 'எனக்கென்ன கேடு, படம் எடுக்கவனக் கூட்டிட்டுப் போயிக் காட்டு'ன்னிய. அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

சொன்னேன்தான். அதைச் சொல்லிவிட்டு நானே சிரித்ததும் ஞாபகம் வந்தது. அது மட்டுமா? போலீஸ் படத்தில் வரும் அப்பாவின் கை டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறீர்கள் என்று குரூப்பில் என்னை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நடுங்கியதைப் பார்த்தது யார்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்துச் சுளையை என் கையில் வைத்தாள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வலி தெரியவில்லை. அன்றைக்கு முழுதும் கட்டோடு கிடந்ததுதான் கொடுமை. ஒலி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தொழுகையில் எனக்காகத் துவா கேட்டிருப்பதாகச் சொன்னான். பிறகு என்னைச் சிரிக்க வைக்க என்னவெல்லாமோ பேசினான், எனக்கு எதுவும் ஏறவில்லை. மறுநாள் காலையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். "மெதுவா திறங்க. என்ன தெரியுது?"

முதலில் கண்ணைக் கூசியது. பிறகு நீலம் தெரிந்தது. நர்ஸ் பிள்ளையின் உடுப்பு நீலம். அப்படி ஒரு நிறம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர். வெள்ளை! சுண்ணாம்பு காய்ந்ததும் இருக்குமே, அந்த வெள்ளை.

"அய்யோ, கடையத்து டீச்சரம்மா!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா பயந்துபோனார். ஆவுடைத்தாய்தான் விளக்கம் சொன்னாள். அவர் மறுபடியும் லைட்டு அடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. கரகரவென்று அழுகை வந்துவிட்டது. "கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க, அழாதிய" என்று அதட்டிக்கொண்டே அவளும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், காதோரம் முழுக்க அவளுக்கு நரைத்திருந்தது. எப்போது நரைத்தது?

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டதும் கண்ணைப் பறித்தது. "என்னட்டி இது, வெல்டிங் கடை மாதிரி!" என்றேன். "நீங்க வெச்சதுதான்" என்றாள். ஒரு வருஷம் அந்த வெளிச்சத்தில்தான் அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னோடு உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சத்தைக் குறைத்தேன். அவள் கால்களை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலை இல்லை. டீச்சரம்மாவுக்கு ஒரு டின் சுத்த வெள்ளை கொடுத்தனுப்பிவிட்டு, திட்டின படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். கப்பல் படத்தில் கடல் பச்சையாக இருந்தது, சாயங்காலக் காட்சியில் ஊதாவாகக்கூட மாறியது. அந்த ஒளிப்பதிவாளரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். போலீஸ் படத்தைக் கொஞ்சம் பயத்தோடுதான் போட்டேன். இதிலும் நான் தப்பு என்றால் இத்தனை வருஷம் பேசியதற்கு என்ன அர்த்தம்? முழுக்கப் பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது. குப்பைதான்! அந்த அப்பாவின் கையைத் தவிர எல்லாம் குப்பை. எனக்கு எவ்வளவு நிம்மதி! கெட்டது கண்தான், புத்தி கெடவில்லை. குரூப்பில் அதையே பேசிப் போட்டேன். "அண்ணாச்சி, இருட்டுன்னு நாங்களும் சொன்னோமே, அப்ப எங்களுக்கும் புரையா?" என்று ஒருவன் கேட்டான். ஒலி சிரிக்கிற மூஞ்சிப் பொம்மையைப் போட்டான்.

கிணற்றுப் படம் மட்டும் பாக்கி. நான் டார்ச் லைட் கொண்டுபோகச் சொன்ன படம், பகல் காட்சியாக மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இடது கண்ணுக்கு அடுத்த மாசம்தான் நாள் குறித்திருந்தது. டாக்டரம்மா தியேட்டருக்குப் போகலாம் என்று சொன்ன வாரமே கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனேன். ஆவுடைத்தாய் புதுச் சேலை கட்டியிருந்தாள். வாசலிலேயே புவனேஷ் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, லேம்ப்ப மாத்தியாச்சு."

"நானும் மாத்திட்டேம்லே" என்றேன்.

கூட்டம் அவ்வளவாக இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கிணற்றுக்குள் விழுந்தாள். இருட்டுத்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருட்டுக்குள்ளே எல்லாம் இருந்தது. ஈரக் கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடுக்கில் முளைத்த ஒரு செடி, அதன் இலையில் சொட்டும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே அவள் முகம். உதடு நடுங்கியது. கண் மேலே இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே இருந்தது. இதையா நான் கேட்டுவிட்டுப் போனேன்?

"கண்ணு கலங்குது பாருங்க" என்று காதோரம் கேட்டது. "அழுகைய அடக்கிக்கிட்டு மேல பாக்கா…"

சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "ஒங்களுக்குத்தான் தெரியுதே. எனக்குப் பழக்கமாப் போச்சு" என்று தலையை இழுத்துக்கொண்டு தன் இருக்கையில் நேராக உட்கார்ந்தாள்.

திரையில் அந்தப் பெண் சுவரைத் தடவினாள். சுற்றிலும் சத்தமே இல்லை. என் காதுப் பக்கம் என்னவோ காலியாக இருந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஆவுடைத்தாய் பக்கமாகச் சாய்ந்தேன்.

"பொறவு?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. பிறகு அவள் மூச்சு காதில் பட்டது.

"சேலைய இழுத்துச் செருவிக்கிட்டா. கல்லு இடுக்குல விரல விடுதா… பாசி இல்லாத எடமாப் பாக்கா… இப்ப கால எடுத்து அடுத்த கல்லுல வைக்கா."

வைத்தாள்.