கட்டையின் எதிர்ப்பக்கம்

மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மெஷின். மரம் அறுக்கப் பெரிய மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நிற்கிறவர் வாங்கித் தொலைக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை. "நீ சொல்லு, வாங்கறேன். வேணாம்னா விட்டுடறேன்" என்று பொறுப்பைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்.

எங்கள் தொழிலில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. காற்றில் சாய்ந்த மரம், வீடு கட்ட இடைஞ்சலாக நின்ற மரம் எல்லாம் லாரியில் வந்து இறங்கும். அவற்றைக் குறுக்கே அறுத்து, வட்டப் பலகைகளாக மேசைக்காரருக்குக் கொடுப்போம். மேசை செய்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். பலகையின் கனம் சுற்றிலும் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார், கூடவே அரை மணி நேரம் போனில் பேசவும் செய்வார்.

இப்போது இருப்பது கையில் பிடித்து அறுக்கிற சங்கிலி மெஷின், அதன் பிளேடு பதினெட்டு அங்குலம். வருகிற கட்டைகளோ இரண்டரை அடிக்குக் குறைவதில்லை. அதனால் அவர் மேலிருந்து பாதி அறுப்பார். பிறகு இருவரும் கடப்பாரை போட்டுக் கட்டையை உருட்டுவோம், அவர் மீதியை அறுப்பார். இரண்டு அறுப்பும் நடுவில் பிசகாமல் சேர வேண்டும். பிளேடு சாய்கிறதா என்பது மெஷினைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். எதிரே நிற்பது நான். கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் எட்டடி இடம், அதில் பதினோரு வருடமாக நிற்கிறேன். கட்டையைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுவதும் நான்தான். மெஷின் சத்தத்தில் வாயால் சொல்லி ஆகாது, எல்லாம் கைதான். உள்ளங்கையை எந்தப் பக்கம் சாய்க்கிறேனோ அந்தப் பக்கம் அவர் மெஷினைச் சாய்ப்பார். ஒரு விரலைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்.

நிறுத்திவிடுவார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். இந்த மனிதர் வீட்டில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதே கிடையாது. அலமாரி வாங்கப் போனபோது, அறைக் கதவு சின்னது, அலமாரி உள்ளே போகாது என்று கடையிலேயே சொன்னேன். "நீ சும்மா இரு" என்றார். அந்த அலமாரி இன்றைக்கும் கூடத்தில்தான் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சுவருக்குப் பச்சை வேண்டாம் என்றேன், பச்சைதான் அடித்தார். மகளை வெளியூர் வேலைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அதே மனிதர் பட்டறைக்குள் வந்துவிட்டால் என் விரலுக்கு மெஷினை நிறுத்துகிறார். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். சுற்றி வந்து பார்க்கவும் மாட்டார். நான் காட்டினால் காட்டினதுதான்.

பெரிய மெஷின் வந்தால் அந்த எட்டடி இடம் எனக்கு இருக்காது. இதை யாரிடம் சொல்வது?

மூன்று நாளுக்கு முன் மெஷின் கடைக்குப் போன அன்றைக்கே அது புரிந்துவிட்டது. முப்பத்தாறு அங்குல பிளேடு, பழையதைவிட இரண்டு மடங்கு சக்தி. கடைக்காரத் தம்பி அதைக் கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுவது மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"அண்ணே, ஒரே அறுப்பு. கட்டைய உருட்ட வேணாம், எதிர்ல ஆள் நிக்க வேணாம். பிளேடு எவ்ளோ நீளம் பாருங்க, ஒருதடவ கோட்டுல இறங்கிட்டா அதுவே நேரா போயிடும். அக்கா இனிமே வீட்ல ஹாயா டிவி பாக்கலாம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பரிசு வாங்கிக் கொடுக்கப் போகிற சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் கனமாக இருக்கிறது, இடுப்பு போய்விடும் என்று ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். ஒரு நாள் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று கடைக்காரர் அதற்கும் வழி சொல்லிவிட்டார்.

அன்று மாலை மகள் போனில் வந்தாள். அப்பா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார்.

"உனக்கு ரெஸ்ட் குடுக்கணும்னுதானே அப்பா பாக்கறாரு. நீ ஏம்மா முட்டுக்கட்டை போடற?"

"நான் ஒண்ணும் போடல. யோசிக்கறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அப்பா தோள்பட்டைய நினைச்சுப் பாரு."

அவள் சொன்னதில் தப்பில்லை. கட்டையை உருட்டி உருட்டி அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது, சட்டை மாட்டும்போது முகம் சுளிக்கிறார். மேசைக்காரரும் இப்போது மூன்றடிப் பலகை கேட்கிறார், சின்ன மெஷினை வைத்துக்கொண்டு ஒன்றை முடிக்க அரை நாள் ஆகிறது. வாங்க வேண்டும் என்பதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. வேண்டாம் என்பதற்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று காலை மெஷின் வந்தது. மூன்றடிக் கட்டை தயாராகக் கிடந்தது, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பலகை எடுக்க வேண்டும். வழக்கமாகக் கோடு போடுவதற்கு முன் பட்டை முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பேன், ஆணி, கம்பி ஏதாவது புதைந்திருக்கும். இன்று மனசு ஒரு நிலையில் இல்லை, தடவவில்லை. இரண்டு கோட்டையும் கடனே என்று இழுத்துவிட்டு நகர்ந்தேன்.

"நீ உள்ள போய் உக்காரேன். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"பழக்கம். நிக்கறேன்" என்றேன்.

மெஷின் உறுமியபோது தகரக் கூரையே அதிர்ந்தது. பிளேடு கட்டை முழுவதையும் ஒரே வீச்சில் பிடித்துக்கொண்டு இறங்கியது. மரத்தூள் குவிந்துகொண்டே போனது. நான் பார்த்தேன், கோட்டிலிருந்து நூல் அளவு கூட விலகவில்லை. கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. என்னை வைத்துக்கொண்டு செய்ய அங்கே ஒன்றுமே இல்லை. சுவரில் சாய்த்து வைத்த கடப்பாரையும் நானும் ஒன்றுதான்.

கால்வாசி இறங்கியபோது அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கும் பழக்கம்.

அறுப்பு நேராக இருக்கிறது என்று கையை நிமிர்த்திக் காட்டியிருக்க வேண்டும். நான் உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்தேன். யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் யோசித்துத்தான் செய்தேன். அவர் உடனே மெஷினைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அவரும் சாய்த்தார். பிளேடு கோட்டை விட்டு நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, போதும் என்று கையை நிமிர்த்தாமல் நின்றேன்.

பலகை விழுந்தது. அவர் டேப்பை வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். மேலே மூன்று அங்குலம், கீழே நாலேகால். மேசைக்காரர் இதைப் பார்த்தால் அரை மணி நேரம் போதாது, ஒரு நாள் பேசுவார்.

"மெஷின் இழுக்குது" என்றார். பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ அன்னிக்கே வேணாம்ன. நான்தான் கேக்கல."

நான் நினைத்தது நடந்துவிட்டது. மெஷின் திரும்பிப் போகும், எட்டடி இடம் என்னிடமே இருக்கும். அப்போதே நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்தூளைக் கூட்டப் போய் விளக்குமாற்றைத் தேடினேன், அது என் கையிலேயே இருந்தது.

அவர் கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தம்பி விடவில்லை போலிருக்கிறது, இவர் குரல் உயர்ந்தது.

"தம்பி, புடிக்கத் தெரியாமலா இத்தன வருஷம் அறுக்கறேன்? எங்க வீட்டம்மா எதிர்ல நின்னு பாத்தாங்க. அது இழுக்க இழுக்கக் கை காட்டினாங்க. என் கண்ணு தப்பும், அவங்க கண்ணு தப்பாது."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் பதினோரு வருடம் நின்றேன் என்று சொல்லலாம், அது இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

"போன வைங்க" என்றேன். "மெஷின் இழுக்கல. நான்தான் கையச் சாச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. "நீ சாச்சதாலதானே நானும்..."

"நேராத்தான் வந்துச்சு. நல்லா வந்துச்சு. வேணும்னுதான் சாச்சேன்."

போனில் தம்பி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். இவர் அதைக் கட்டையின் மேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதற்கெல்லாம் என் வாய் நீளம்தான். அவர் திட்டவில்லை.

"ஏன்?"

"வீட்ல நான் சொல்றத நீங்க என்னிக்குக் கேட்டிருக்கீங்க? இங்க நின்னா ஒரு விரலுக்கு நிறுத்தறீங்க. இதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

"நீ கொஞ்சம் உக்காரட்டும்னுதான் நினைச்சேன்."

"உக்காரணும்னு நான் கேட்டனா?"

அவர் கட்டையின் மேல் கிடந்த மரத்தூளைக் கையால் தள்ளினார். பிறகு போனை எடுத்து, "தம்பி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்க மேலதான் தப்பு. வச்சுக்கறோம்" என்றார். எங்க மேல என்றார். அந்த இடத்தில் என்னை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்த மாதிரி முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

மறுமுனையில் இரண்டாவது பலகை பாக்கி இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெஷினைத் தூக்கினார். நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற? வந்து நில்லு."

போய் நின்றேன். இது போதும் என்று இருந்தது. பெரிய மெஷினும் இருக்கட்டும், நானும் நின்றுகொள்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்? மனசு மூன்று நாளில் முதல் முறையாகக் கொஞ்சம் அடங்கியது.

அறுப்பு பாதி இறங்கியிருக்கும். என் பக்கத்துப் பட்டையில், கோட்டின் மேலேயே, துருப்பிடித்த கம்பி ஒன்று தெரிந்தது. எந்தக் காலத்திலோ மரத்தைச் சுற்றிக் கட்டியது, மரம் வளர்ந்து அதை விழுங்கிவிட்டது, ஒரு விரல்நகம் அளவு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளேடின் நுனி நேராக அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. இந்த வேகத்தில் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும். நான் விரலைத் தூக்கினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். பார்த்தது எனக்குத் தெரியும். ஒரு கணம் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பிறகு நின்றது.

"கம்பி இருக்குங்க" என்றேன்.

அவர் மெஷினைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். கட்டையைச் சுற்றிக்கொண்டு, சுவரோரமாக, என் பக்கத்துக்கு வந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். குனிந்து, கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவி, கம்பியின் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆமா. இருக்கு" என்றார்.

குறடு எடுக்கப் போனார். அவர் குரலில் கோபம் இல்லை, என்னை வருத்த வேண்டும் என்று செய்ததும் இல்லை. பதினோரு வருடத்தில் நான் காட்டிய ஒன்றையும் அவர் வந்து பார்த்ததில்லை. இன்று வந்து பார்த்தார். நாளைக்கும் வந்து பார்ப்பார்.