இருபத்து நான்காவது கட்டம்

மேசையருகே நான், சன்னலை ஒட்டிச் சக்கர நாற்காலியில் என் மனைவி, பக்கவாசல் படியில் கால் நீட்டிக் கொத்தனார், ஆக மூன்று பேர், நாலாவதாக இருந்திருக்க வேண்டியவர் மதிலுக்கு அந்தப் பக்கம்... இப்படித் தொடங்கினால் அண்ணன் படிப்பாரா, முதல் வரியிலேயே குத்தல் என்று மடித்து வைத்துவிடுவார், அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன், தேதி, பொருள், எல்லாம் முறைப்படி, பள்ளிக்கூடத்தில் பழகிய கை. பாகம் பிரித்து மதில் எழுப்பியதிலிருந்து ஒன்பது வருஷமாக எங்களுக்குள் பேச்செல்லாம் தபாலில்தான், பக்கத்து வீட்டுக்குத் தபால், ஊரைச் சுற்றி மூன்றாம் நாள் வந்து சேரும், தபால்காரர் சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

என்ன எழுத... அவள் விழுந்து எட்டு மாதம், வெளியே போயும் எட்டு மாதம். தெருவாசலில் இறங்கினால் நேரே சாலை, நாற்காலி இறங்கச் சரிவு கட்ட இடமில்லை, பக்கவாசல்தான் உண்டு, அதன் படி இரண்டடி உயரம். போன வாரம் கொத்தனார் அங்கே கண்ணளவில் ஒரு சரிவு போட்டார், வெறும் நாற்காலியை விட்டுப் பார்த்தோம், ஓடிப்போய் மதிலில் முட்டிக் கவிழ்ந்தது, சன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில்தான், "கண்ணளவு போதும், கட்டத்தாள் எடுங்க" என்றாள். இருபது வருஷம் கணக்கு டீச்சர். கட்டத்துக்கு ஓர் அடி. முதலில் புள்ளி, வாசற்படி, பூஜ்யத்துக்கு நேர் மேலே இரண்டாவது கட்டம். சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்று, இறக்கம். வலப்பக்கம் ஒன்று நகர்ந்து கீழே பன்னிரண்டு எண்ணத் தொடங்கினேன்...

"அது சரிவு இல்லங்க, கிணறு."

"கிணறு வெட்ட வேற ஆளுதான் பாக்கணும்மா" என்றார் கொத்தனார். அவள் சிரித்தாள், எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. "பன்னெண்டு வலப்பக்கம் போங்க, அப்புறம் ஒண்ணு கீழ, அங்க ஒரு புள்ளி." இன்னொரு பன்னிரண்டு, இன்னொன்று கீழே, தரையைத் தொட்டாயிற்று. அளவுகோல் வைத்து இழுத்தேன். இருபத்து நாலடி. எங்கள் பக்கம் இருப்பதோ பதினாலு, பதினாலாவது கட்டத்தில் மதில், கோடு மதிலைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. வளைத்துக் கட்டலாமா என்றேன். "சந்தே நாலடி அகலம், நாற்காலி எங்க சார் திரும்பும்?" என்றார் கொத்தனார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க அண்ணன் மாட்டேன்னா விடுங்க. சன்னல் இருக்கே." அந்த 'இருக்கே' என்னை என்னவோ செய்தது, களைப்புதான், வேறென்ன.

எழுதினேன். தங்கள் முற்றத்தில் பத்தடி நீளம், நாலடி அகலம், மதிலில் ஒரு திறப்பு, அவள் இறங்கித் தெருவுக்குப் போய்வர, படம் இணைத்துள்ளேன். மடித்தேன், ஒட்டினேன், தபால்தலை. தெருமுனைக்கு நடக்கையில் அண்ணன் தன் வாசலில் நின்றிருந்தார், சுவரைப் பிடித்து, முழங்காலைத் தேய்த்தபடி, எங்கள் வாசலின் உயரமான படிகளைப் பார்த்துக்கொண்டு. என்னைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. எத்தனை நாளாக இப்படி நிற்கிறார்... அவளைப் பார்க்க ஒரு தடவை வரவில்லையே என்று எட்டு மாதமாகக் கறுவிக்கொண்டிருக்கிறேன். தபால்பெட்டியின் வாயில் பாதி உறை. இறங்க, இறங்க என்றே எழுதியிருக்கிறேன், அவர் முற்றத்துக் கடைசிப் புள்ளியிலிருந்து பார்த்தால் அதே கோடு அவருக்கு ஏற்றமல்லவா, படியே இல்லாத ஏற்றம், எங்கள் வாசல் வரைக்கும்... அதை எழுதவில்லையே, படத்தைப் பார்த்தால் அவருக்கே தெரியுமோ. பிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் விரல் விட்டுவிட்டது, உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.